தொடர்மாடித் திருத்த வேலைக்காரருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

ஆமர்வீதிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு வடக்கில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த 12 மாடித் தொடர்மாடி ஒன்றில் பராமரிப்பு வேலைகளுக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்குக் கீழே 11 பேர். வயரிங் பாஸ்மார், அதாவது மின்சார வேலை தெரிந்தவர்கள், இரண்டு பேர், பிளம்பர் இரண்டு பேர், மேசன் பாஸ், அவருடைய கையாள், மிச்சம் ஐந்து பேர் துப்புரவு வேலை. ஏழு பேர் தமிழ் பேசுகிறவர்கள், நாலு பேர் சிங்களம். எல்லாரும் 40 தாண்டியவர்கள், எனக்கு 26. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

போன மாதம் ஏழாம் மாடிப் படிக்கட்டு லைட் எரியவில்லை என்று முறைப்பாடு வந்தது. மூத்த வயரிங் பாஸ் போனார். மனிசன் கவனமானவர்தான், கீழே வந்து பொது லைட்டுக்கான பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் ஏணியில் ஏறினார். டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறார், எரியவில்லை. சரி என்று பெட்டியைத் திறந்து கறுப்பு வயர்கள் சேர்கிற மூட்டைக் கழற்றியதும் ஷொக் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. நாலு படி உயரத்தில்தான் நின்றார், முழங்கை கைப்பிடிச் சுவரில் அடிபட்டு வீங்கியதோடு போயிற்று. ஆனால் அந்தச் சுவர் என் இடுப்பு உயரம்கூட இல்லை, அதற்கு அந்தப் பக்கம் ஏழு மாடிக்குக் கீழே சீமெந்துத் தரை. அவர் எழும்பி முதலில் கேட்டது, "யாரும் பார்த்தாங்களா?" என்று.

விஷயம் மேலே போனது. மேலிடத்தின் பதில்: "இந்த மாதத்துக்குள் ஒரு பாதுகாப்புப் பயிற்சி வை, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு, படம் எடுத்து அனுப்பு." காசு ஒன்றும் இல்லை. 60 பக்கத்தில் ஒரு கைநூல் மட்டும் அனுப்பினார்கள், பெரிய கட்டட வேலைக்கு எழுதியது, சிங்களத்தில் இருந்து தமிழுக்கு யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி, "சாரத்தில் ஏறும் முன் அதன் உறுதியைப் பரிசோதிக்கவும்." நான் வாசித்துக் காட்டினேன். எங்கள் பிளம்பர் குனிந்து தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்துவிட்டு, "உறுதியாத்தான் கட்டியிருக்கிறேன் தம்பி" என்றார். பத்து நிமிடம் சிரிப்பு. கைநூல் சொன்னது உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டுகிற சாரத்தை, பலஞ்சி என்று எழுதியிருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எதை முதலில் சொல்லிக் கொடுப்பது? "நான் 30 வருசமா இதத்தான் செய்றேன்" என்று சொல்கிறவருக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது? இப்படி வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கைநூல் அனுப்ப வேண்டாம், கைநூல் இருக்கிறது.

பழைய டீ.ஓ.:

தம்பி, முதலில் ஒன்று. அந்த பாஸை ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா? ஷொக் அடித்து விழுந்தவர் நல்லாயிருக்கிறேன் என்று சொன்னாலும் ஒருக்கா காட்டத்தான் வேண்டும், நெஞ்சுத் துடிப்பு பிழைப்பது சில நேரம் உடனே தெரியாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசும் இல்லை. அந்த நம்பரை மோட்டர் ரூம் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தீயணைப்புக்கு 110. உங்கள் பயிற்சியில் முதல் நாள் இந்த இரண்டு நம்பரையும் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்று.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டீ.ஓ.) 31 வருடம் வீடமைப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். நாலு மாடி பழைய ஃபிளாட்ஸிலும் இருந்திருக்கிறேன், கடைசிக் காலத்தில் உங்களைப் போல உயரமான கட்டடங்களிலும். இரண்டும் வேறு வேறு தொழில். 2001இல் கொழும்பில் சஹஸ்புர என்ற உயரமான தொடர்மாடி வந்தபோது, அதுவரை நாலாம் மாடிக்கு ஏணி வைத்துப் பழகியவர்களை அப்படியே அந்த உயரத்துக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் கதைத்துக்கொண்டோம், கதைத்ததோடு சரி.

நீங்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். அந்த ஷொக்கிலிருந்தே தொடங்குங்கள். அதைவிட நல்ல பாடம் உங்களுக்குக் கிடைக்காது. பிரேக்கர் இறங்கியிருந்தது, டெஸ்டரும் எரியவில்லை, பிறகு எப்படி அடித்தது? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது கடன் வாங்கின நியூட்ரல். படிக்கட்டு லைட்டில் இது அடிக்கடி இருக்கும், இரண்டு மாடிக்கு இரண்டு சர்க்கியூட், ஆனால் வயர் மிச்சம் பிடிக்க ஒரே கறுப்பு வயரில், அதாவது நியூட்ரலில், இரண்டையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் ஒரு சர்க்கியூட்டை இறக்கினாலும் மற்றதன் மின்சாரம் அந்தக் கறுப்பு வயர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மூட்டு சேர்ந்திருக்கும் வரை டெஸ்டரில் ஒன்றும் தெரியாது. மூட்டைப் பிரித்த கணத்தில், வேறு மாடியில் எரிகிற பல்ப் வழியாக 230 வோல்ட்டும் உங்கள் கையில் இருக்கிற நுனிக்கு வரும். பாஸ் செய்ததில் பிழை இல்லை, கட்டடத்தில்தான் பிழை இருந்தது. இதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்த மனிசன் உங்கள் பக்கம்.

அதன் பிறகு அவரையே எழும்பிச் சொல்லச் சொல்லுங்கள். 26 வயதுப் பிள்ளை சொல்வதை 55 வயதுக்காரர் கேட்க மாட்டார், அது இயல்பு, கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அடி வாங்கிய பாஸ் சொன்னால் கேட்பார்கள்.

பிறகு செய்முறை. அந்த நியோன் டெஸ்டரை நம்புகிற பழக்கத்தை நிறுத்துங்கள். இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர் அல்லது மீட்டர். முதலில் மின்சாரம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்துப் பார், வேலை செய்கிறதா என்று. பிறகு வேலை செய்யப் போகிற இடத்தில் பார். திரும்பவும் அந்தப் பிளக்கில் பார், இடையில் டெஸ்டர் செத்துப் போகவில்லை என்று தெரிய. மூன்று தடவை. படிக்கட்டு லைட் என்றால் ஒரு பிரேக்கர் போதாது, பிரேக்கர்கள் இருக்கிற பொதுப் பலகையையே இறக்கிவிட்டு டோர்ச் அடித்து வேலை செய்யுங்கள். குடியிருப்பாளர்கள் கத்துவார்கள். கத்தட்டும்.

இறக்கிய பிரேக்கருக்குப் பூட்டு. இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம். பிரேக்கரைப் பூட்டுகிற சின்ன கிளிப் புறக்கோட்டையில் கிடைக்கும், அதில் ஒரு பூட்டு, சாவி வேலை செய்கிறவருடைய சட்டைப் பையில். பலகையில் ஒட்டிவிட்டுப் போவதற்கு ஒரு அட்டை, சிங்களத்திலும் தமிழிலும், வாசிக்கத் தெரியாதவருக்குக் கை மறிக்கிற படமும். ஏன் என்றால் உயரமான கட்டடத்தில் நீங்கள் ஏழாம் மாடியில் நிற்பீர்கள், பலகை கீழே. லைட் இல்லை என்று யாராவது ஒரு மாமா வந்து, நல்லது செய்கிறேன் என்று தூக்கிவிட்டுப் போவார். எனக்கே இது நடந்திருக்கிறது, அந்த மாமா மேலே வந்து "இப்ப சரியா?" என்று வேறு கேட்டார்.

இரண்டாவது, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழி. இதற்கு ஒரே ஒரு பாடம்தான், ஒருவரும் இறங்கக் கூடாது. எப்படி இறங்குவது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், உங்களிடம் அதற்கான கருவி இல்லை. கழிவுக் குழியில் ஹைட்ரஜன் சல்பைட் இருக்கும், அழுகின முட்டை மணம், ஆனால் அளவு கூடினால் மூக்கு செத்துவிடும், மணமே தெரியாது, மணம் போய்விட்டது இனிப் பயமில்லை என்று இறங்குவார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் காப்பாற்ற இறங்குவார், அவரும் விழுவார். உலகம் முழுக்க இப்படித்தான் இரண்டு மூன்று பேராகச் சாகிறார்கள். குழிக்குள் பெற்றோல் பம்ப் இறக்கித் தண்ணீர் இறைப்பதும் அதேபோலத்தான், புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. பௌசர் கூப்பிடுங்கள், மேலிருந்து உறிஞ்சட்டும்.

லிப்ட் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை, அது லிப்ட் கம்பனிக்காரன் வேலை. உங்கள் ஆட்கள் கதவு திறக்கிற சாவியைத் தொடவே கூடாது. சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நாட்கூலி:

டீ.ஓ. ஐயா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நான் இரண்டு வார்த்தை கசப்பாகச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

நானும் தொடர்மாடியில் பெயின்ட் வேலை செய்தவன், கொந்தராத்துக்காரருக்குக் கீழே. எங்களுக்கும் பயிற்சி வைத்தார்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு பணிஸும் பிளேன்டீயும் தந்து முடித்தார்கள். சேப்டி பெல்ட் எப்படிப் போடுவது என்று காட்டினவர் தன்னுடைய பெல்டைத் திரும்பக் கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் எட்டாம் மாடியில் வேலை, பெல்ட் இல்லை, "நேற்றுப் படிச்சீங்கதானே, கவனமா செய்யுங்க" என்றார் சுப்பவைசர். பிறகு பெல்ட் ஒன்று வந்தது, மூன்று பேருக்கு ஒன்று. அதைக் கொளுவ இடம் இல்லை, ஆகவே பிவிசி தண்ணீர்க் குழாயில் கொளுவினோம். அந்தக் குழாய் என் எடையைத் தாங்குமா என்று யோசித்துப் பாருங்கள், நான் 80 கிலோ.

கையெழுத்துக்கு வருவோம். பயிற்சி எடுத்தேன் என்று போடுகிற கையெழுத்து, நாளைக்கு ஏதும் நடந்தால் முதலில் மேசைக்கு வருகிற கடதாசி அதுதான். "நாங்கள் சொல்லிக் கொடுத்தோம், அவன் கேட்கவில்லை." ஆகவே தம்பி, உங்களை மேலிடம் கேட்பது பயிற்சியையா, அந்தக் கடதாசியையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடதாசிதான் என்றால் அதிலேயே இன்னொரு வரி சேருங்கள், இன்று எங்களுக்கு என்னென்ன சாமான் தரப்பட்டது, என்ன தரப்படவில்லை என்று. எல்லாரும் அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்கட்டும்.

இன்னொன்று கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். மழைக்குள் கூரையில் ஏறச் சொன்னால் உங்கள் மேசன் பாஸ் "முடியாது" என்று சொன்னால் அன்றைய சம்பளம் அவருக்கு வருமா? வராது என்றால் நீங்கள் என்ன பயிற்சி கொடுத்தாலும் அவர் ஏறுவார்.

மட்டக்குளி அக்கா:

எல்லாரும் கரண்ட்டும் உயரமும்தான் கதைக்கிறீர்கள். அந்த ஐந்து துப்புரவுக்காரரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, பெரும்பாலும் பெண்களாக இருப்பார்கள் என்பதாலோ தெரியவில்லை. நான் 14 பேர் கொண்ட துப்புரவுக் குழுவைப் பார்க்கிறேன், எங்களுக்குத்தான் தினமும் காயம்.

குப்பைக் குழாயின் அடி அறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மேல் மாடியில் இருந்து போடுகிறவருக்குக் கீழே ஆள் நிற்பது தெரியாது. போத்தல், உடைந்த கண்ணாடி, இன்சுலின் ஊசி, ஒரு தடவை முழுத் தேங்காய். நாங்கள் அறைக்குள் போகும்போது ஒவ்வொரு மாடியிலும் மூடிக்குக் குறுக்கே ஒரு சிவப்பு நாடா கட்டிவிட்டுத்தான் போவோம், அதற்கு இருபது நிமிடம் போகும், அந்த இருபது நிமிடத்துக்கு யாரும் முறைப்பாடு செய்தால் என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குப்பைப் பையைக் கையால் அமுக்காதே, உடம்போடு அணைத்துத் தூக்காதே, இதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது, பிறகு ஒரு பழைய டெனிம் துணிக்குள் ஊசியைக் குத்திக் காட்டினேன், அவ்வளவு லேசாகப் போனது. அடுத்த நாளில் இருந்து பையின் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்கினார்கள். ஊசி குத்தினால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசி எல்லாருக்கும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள் தம்பி.

அடுத்தது மருந்து. டொய்லட் கழுவுகிற அசிட்டையும் பிளீச்சையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பீர்கள். என்னிடம் வேலை செய்த ஒரு அக்கா, இரண்டும் சேர்ந்தால் இன்னும் வெள்ளையாகும் என்று நினைத்து யன்னல் இல்லாத கக்கூசுக்குள் இரண்டையும் ஊற்றிவிட்டார். இருமி இருமி வெளியே வந்து விழுந்தார், மூன்று நாள் ஆஸ்பத்திரி. போத்தலில் எழுதியிருப்பது இங்கிலீஷில், அதுவும் எறும்பு எழுத்தில். பெரிய கலனில் இருந்து தண்ணீர்ப் போத்தலுக்கு ஊற்றி வைப்பது இன்னும் மோசம், அதை யாரோ குடித்துவிடுவார்கள். நான் இப்போது அசிட்டுக்கு நீல மூடி, பிளீச்சுக்கு வெள்ளை மூடி, இரண்டும் வேறு வேறு அலுமாரி, ஒரே நாளில் இரண்டையும் வெளியே எடுக்கவே மாட்டோம். திங்கள் புதன் ஒன்று, செவ்வாய் வியாழன் மற்றது. எழுத்து வாசிக்கத் தேவையே இல்லை.

பிளம்பர்மாருக்கும் ஒன்று. சிங்க் அடைத்தால் வீட்டுக்காரர் முதலில் கோஸ்டிக் சோடாவை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவார். கொட்டியதைச் சொல்லவும் மாட்டார். நீங்கள் படுத்துக்கொண்டு கீழே இருக்கிற வளைவைக் கழற்றினால் அது நேரே முகத்துக்கு வரும். "ஏதாவது ஊற்றினீங்களா?" என்று கேட்காமல் ஸ்பானரை எடுக்கக் கூடாது. இல்லை என்று சொன்னாலும் கண்ணாடி போடுங்கள்.

மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும், காலில் புண் இருந்தால் பூட்ஸ் இல்லாமல் அடித்தளத்தில் இறங்கவே வேண்டாம். காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள், எல்லாரும் டெங்கு என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

வெள்ளவத்தை வாசகி:

நான் தொழில் சட்டம் படிக்கிறவள், வேலை அனுபவம் இல்லை, ஆகவே சுருக்கமாக. நாட்கூலி அண்ணா சொன்ன கடதாசி விஷயம் உண்மை. ஆனால் மறுபக்கமும் உண்டு. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது, நாட்கூலிக்காரர் என்பதற்காக மட்டும் கைகழுவிவிட முடியாது. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் நிரூபிப்பது பெரிய பாடு. அந்த பாஸ் விழுந்ததை நீங்கள் திகதி, நேரம், இடம், பார்த்தவர் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதினீர்களா? எழுதாவிட்டால் இன்றைக்கே எழுதுங்கள். 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் பெயரே சொல்வது போலத் தொழிற்சாலைகளை மனதில் வைத்து வந்தது, தொடர்மாடிக் கக்கூஸ் கழுவுகிற அக்காவை யோசித்து யாரும் எழுதவில்லை.

காசில்லை என்றால், 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் அமைத்த தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் ஒன்று இருக்கிறது, அங்கே கேளுங்கள். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்திலும் இதற்கென்று ஒரு பிரிவு உண்டு. தமிழில் ஆள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

ஆமர்வீதிப் பொடியன்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் பெரிய நன்றி.

டீ.ஓ. ஐயா, பாஸைக் காட்டவில்லை. உங்கள் பதிலை வாசித்ததும் கூட்டிக்கொண்டு போனேன், ஈசிஜி எடுத்தார்கள், பிரச்சினை இல்லை என்றார்கள். கொப்பியும் எழுதிவிட்டேன். கடன் வாங்கின நியூட்ரல் என்று நீங்கள் சொன்னதை அவரிடம் சொன்னேன், ஒன்றும் பேசாமல் ஏழாம் மாடிக்குப் போய் முக்கால் மணித்தியாலம் கழித்து வந்து, "ஆறாம் மாடியும் ஏழாம் மாடியும் ஒரே கறுப்பில போகுது, ஒன்பதும் பத்தும் அப்படித்தான்" என்றார். இப்போது ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் முழுப் படிக்கட்டுக்கும் வரைபடம் போடுகிறார், என்னைத் தொட விடுவதில்லை.

நாட்கூலி அண்ணா, சம்பளம் வராது. அதுதான் உண்மை. அதற்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. டெங்குக் காலத்தில் கூரைப் பீலிக்குள் தண்ணீர் நின்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) வந்து எழுதிவிட்டுப் போவார், அடுத்த நிமிடம் மேலிடத்தில் இருந்து எனக்கு கோல், உடனே ஆளை ஏற்று என்று. கூரை பாசி பிடித்துச் சறுக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல் வேறு. நான் மேசன் பாஸிடம் போய் "ஏறுங்க" என்று சொல்லும்போது எனக்கே வயிறு கலங்கும்.

பழைய டீ.ஓ.:

அப்படியென்றால் பீலிக்கு ஏற வேண்டிய தேவையைக் குறையுங்கள். மழை தொடங்க முன் ஒரு தடவை, வெயில் நாளில், காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில். திகதியை முன்கூட்டியே எழுத்தில் மேலிடத்துக்கு அனுப்பிவையுங்கள், பிஎச்ஐ வரும்போது காட்டவும் உதவும். ஏணியைச் சுவரில் சாய்த்தால் நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே, தலைப்பு கூரை விளிம்புக்கு மேலே மூன்றடி, மேலே கட்டியிருக்க வேண்டும், அடியில் ஒருவர். அஸ்பெஸ்டஸ் சீற்று என்றால் அதில் மிதிக்கவே கூடாது, பழசானது பப்படம் மாதிரி உடையும், பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். உடைந்த துண்டைக் காய்ந்தபடி கூட்டித் தள்ளக் கூடாது, நனைத்துவிட்டு எடுக்க வேண்டும், தூள் நெஞ்சுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

சம்பள விஷயம் உங்கள் கையில் இல்லை என்கிறீர்கள். பாதி இருக்கிறது. அந்த மேசன் பாஸுக்கு அன்றைக்குக் கீழே செய்ய வேறு வேலை எடுத்து வைத்திருங்கள். எந்தக் கட்டடத்திலும் கீழே பூசாமல் கிடக்கிற ஒரு சுவர் இருக்கும். நான் அப்படி ஒரு சுவரை நாலு வருடம் முடிக்காமல் வைத்திருந்தேன்.

நாட்கூலி:

ஹா. அந்தச் சுவருக்கு நான் கும்பிடு போடுகிறேன் ஐயா.

ஆமர்வீதிப் பொடியன்:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், என்ன நடந்தது என்று கேட்டுத் தனியாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

மூன்று மணித்தியால வகுப்பு வைக்கவில்லை. தினமும் காலை ஏழரைக்கு, வேலை பிரிக்க முன், பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம், அந்த விஷயம் இருக்கிற இடத்திலேயே போய் நின்று. முதல் நாள் ஏழாம் மாடிப் படிக்கட்டு. பாஸ் தன் கலண்டரைச் சுவரில் ஒட்டி தமிழில் பாதி சிங்களத்தில் பாதி சொன்னார். தான் விழுந்ததை அவர் வாயாலேயே சொல்லி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கச் சொன்னார். ஒருவரும் பகிடி விடவில்லை. இரண்டாம் நாள் குப்பை அறை, அக்கா சொன்ன ஊசியும் டெனிமும் அப்படியே செய்தேன், எங்கள் சோமாவதி அக்காதான் குத்திக் காட்டினார் (உண்மைப் பெயர் இல்லை). அவர் அப்போதுதான் சொன்னார், போன வருடம் தனக்கு இரண்டு தடவை ஊசி குத்தியது என்று. ஒருவரிடமும் சொல்லவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "யார் கேட்டீங்க?" என்றார். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

கழிவுக் குழி மூடிகளுக்கு மேலே மஞ்சள் பெயின்ட் அடித்து இறங்காதே என்று இரண்டு மொழியிலும் எழுதினோம். கையெழுத்துக் கடதாசியில் நாட்கூலி அண்ணா சொன்ன வரியையும் சேர்த்தேன், கண்ணாடி இல்லை, பூட்ஸ் ஐந்து சோடி குறைவு, பெல்ட் இல்லை, பெல்ட் கொளுவ இடமும் இல்லை என்று. மேலிடத்தில் இருந்து கோபமாகக் கதைத்தார்கள், இதை ஏன் எழுதினாய் என்று. நான் எல்லாரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள், இனிக் கிழிக்க முடியாது என்றேன். பூட்ஸும் கண்ணாடியும் வந்துவிட்டன. பெல்ட் வரவில்லை, வரும் வரை வெளிச்சுவர் வேலை ஒன்றையும் எடுப்பதில்லை.

போன வியாழக்கிழமை மழை. கோல் வந்தது, பீலி. மேசன் பாஸ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் பின்பக்க மதிலுக்குப் போனோம். பூசாமல் கிடக்கிறது, நல்ல நீளமான மதில்.

பூட்டு நாலு வாங்கினேன், நாலுக்கும் நிறம் வேறு. பச்சைப் பூட்டு இரண்டு நாளாகப் பலகையில் இல்லை. இன்று காலை வாசலில் ஒரு சைக்கிளில் பார்த்தேன். யாருடைய சைக்கிள் என்று தெரியும், நாளைக்கு ஏழரைக்குக் கேட்கிறேன்.